வாங்கிய பிறகே தெரியும் வரைபடம்

தமிழ்நாட்டில் ஒரு மனை வாங்கி முடிக்கும்போது வாங்கியவர் கையில் ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்துவிடும். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், முப்பது வருடத்துக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வக்கீலின் லீகல் ஒப்பீனியன். நிலம் யாருடையது, அதன் மேல் கடன் இருக்கிறதா, நான்கு எல்லையிலும் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் இந்தக் கட்டு சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்பதை மட்டும் பட்டாவும் சொல்லாது, பத்திரமும் சொல்லாது. அதைச் சொல்கிற ஆவணம் வேறு. ஊருக்கென்று அரசு வகுத்திருக்கும் முழுமைத் திட்டம் அது. சாமானிய மக்களில் பெரும்பாலோர் அதை முதன்முதலாகச் சந்திப்பது, சேமிப்பையும் நகையையும் கரைத்துப் பணம் கட்டி, பத்திரம் பதிந்து, இன்ஜினீயரிடம் பிளான் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகுதான்.

இந்த வரிசை தலைகீழானது. கட்டட அனுமதியை எளிதாக்குவது பற்றிக் கடந்த சில ஆண்டுகளில் நிறையப் பேசியாயிற்று. நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஆனால் வீடு கட்டுகிறவரின் சிக்கல் அனுமதி கேட்கும் நாளில் தொடங்குவதில்லை. நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நாளில் அவருக்குத் தெரிய வேண்டியதை அரசு தெரிவிப்பதில்லை.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால், அதில் ஒரு நிலத்துக்கு என்ன உபயோகம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு மாறாக உரிமையாளரே ஆனாலும் பயன்படுத்த முடியாது. சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வந்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என்று நிலங்கள் வகை பிரிக்கப்பட்டன. இவற்றுக்கு மேல் சில சிறப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் உண்டு. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி அவற்றில் ஒன்று. திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல் பகுதி மற்றொன்று. முன்னது நகரத்தின் குடிநீர் ஏரிக்கு மழைநீர் வந்து சேரும் இடம். பின்னது நிலத்தடி நீர் ஊறும் இடம். இரண்டு இடத்திலும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அங்கே நிலம் வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எந்த நாளில் தெரிய வருகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் புல எண்ணைப் போட்டு நில வகைப்பாட்டைப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே வாங்குகிறவரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஒரே சர்வே நம்பர் பத்து உட்பிரிவாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் தன் மனை வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சாமானியரால் ஆகாது. மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் இந்த வசதி ஒரே அளவில் இல்லை.

கோவையைப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். அந்த நகரத்துக்கு 1994-இல் ஒரு முழுமைத் திட்டம் வந்தது. அடுத்த திட்டம், 2041 வரைக்குமானது, 2025 ஜூலையில்தான் வெளியானது. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் கோவை வேறு ஊராகிவிட்டது. சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனங்களின் பகுதியானது, அவிநாசி சாலையில் மேம்பாலம் எழுந்தது, தோட்டங்களாக இருந்த இடமெல்லாம் காலனிகளாயின. நிலத்தின் மேல் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது சட்டத்தின் கண்ணில் செல்லுபடியானது 1994-இன் வரைபடம். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்ட இடத்தில், காகிதத்தில் வேளாண் நிலமாகவே இருக்கும் ஐந்து சென்ட்டை வைத்துக்கொண்டு வீடு கட்ட நினைப்பவர் முதலில் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம், உள்ளாட்சியின் தீர்மானம், பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபங்களுக்கான அவகாசம், குழுவின் பரிசீலனை, அரசாணை என்று அது நீளும். பெரிய நிறுவனத்துக்கு இது திட்டச் செலவில் ஒரு வரி. வாடகை வீட்டில் இருந்துகொண்டு கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கோ ஒவ்வொரு மாதமும் இழப்பு.

இதைவிட வேதனையானது, திட்டத்தில் சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் என்று குறிக்கப்பட்டு அப்படியே விடப்பட்ட நிலங்களின் கதை. விரிவான வளர்ச்சித் திட்டங்களில் சாலைக்கென்று போட்ட கோடுகளைக் கோவைப் பக்கம் ‘ஸ்கீம் ரோடு’ என்பார்கள். ஒருவருடைய மனையின் நடுவே அந்தக் கோடு ஓடினால் அங்கே அனுமதி கிடைக்காது. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடும் தருவதில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. 3 ஆண்டுகளுக்குள் அந்த நிலத்தை அரசு கையகப்படுத்தவோ உடன்பாட்டின் பேரில் வாங்கவோ செய்யாவிட்டால், ஒதுக்கீட்டிலிருந்து அது விடுவிக்கப்பட்டதாகவே கருத வேண்டும். சட்டம் எழுதியவர்கள் உரிமையாளரை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் 3 ஆண்டு போய் இருபது ஆண்டு கழிந்தாலும் கோடு வரைபடத்தில் இருக்கும். அதை அழிக்க உரிமையாளர் உயர் நீதிமன்றம் வரை போய் ஓர் உத்தரவு வாங்கி வர வேண்டும். அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே கோடுதான், அதே பிரிவுதான். ஆனாலும் அவர் தனியாக வழக்குப் போட வேண்டும். சட்டப்படி காலாவதியான கோட்டை வரைபடத்திலிருந்து நீக்குவது அரசின் வேலை. அதைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் செலவில் நீதிமன்றத்தைக் கொண்டு செய்விப்பது நியாயமே இல்லை.

அங்கீகாரமற்ற மனைகளின் வரலாற்றிலும் நடந்தது இதுதான். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்துக்குப் பிறகும் நகரங்களைச் சுற்றி வயல்களும் ஏரிக்கரைகளும் மனைகளாகக் கூறு போடப்பட்டன. கல் நட்டார்கள், பெயர்ப் பலகை வைத்தார்கள், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஊராட்சித் தலைவரின் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டினார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் லேஅவுட்டை அங்கீகரிக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வாங்கியவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. பதிவு அலுவலகம் முத்திரைத்தாள் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு பத்திரத்தைப் பதிந்து கொடுத்தது. அரசின் ஒரு கை அங்கீகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இன்னொரு கை பணம் வாங்கிக்கொண்டு முத்திரை வைத்தது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விவசாய நிலமும் நீர்நிலைகளும் கண்ணெதிரே அழிவதைத் தடுக்க வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் கவலை. தேவையான உத்தரவுதான். ஆனால் அதன் அடி முதலில் விழுந்தது, மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மனையை விற்க நினைத்த குடும்பங்களின் மேல். லேஅவுட் போட்டவர் எப்போதோ விற்று முடித்துப் போய்விட்டிருந்தார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். கட்டணம் அதிகம் என்று எழுந்த குரலால் அதைக் குறைத்தார்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாள் பலமுறை தள்ளிப் போடப்பட்டது.

பணம் கட்டினால் காகிதம் சரியாகிவிடும். தெரு அகலமாகாது. அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைப் பொது இடத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்த இடத்தையும் மனையாக்கி விற்றுவிட்ட ஊரில் இனிப் பூங்கா வரப்போவதில்லை. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் அப்படியேதான் இருக்கும். மழைநீர் போக வழியில்லாத பள்ளமும் அப்படியேதான். வரன்முறை என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு வேறு வழியில்லாததால் செய்யப்பட்ட காரியம். அதை ஒரு தீர்வாக எண்ணிவிடக் கூடாது.

2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்ட சுயசான்று முறையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ தரைத்தளத்தோடு முதல் தளமோ கொண்ட 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, உரிமையாளர் தாமே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். முன் ஆய்வு கிடையாது. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஒரு கிரவுண்டில் வீடு கட்டுகிறவர் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் மாதக்கணக்கில் அலைந்த காலத்தை நினைத்தால் இது பெரிய விடுதலை. அலைச்சல் குறையும் இடத்தில் கையூட்டும் குறையும். தெலங்கானா 2020-இலேயே இதைப் போன்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கே 500 சதுர மீட்டர் வரையிலான மனைகளுக்கு உடனடி அனுமதி உண்டு. பொய்யான விவரம் தந்தால் நோட்டீஸ் இல்லாமலே இடிக்கவும் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் கட்டணம்தான் உறுத்துகிறது. சென்னை மாநகராட்சிப் பகுதியில் சதுர அடிக்கு 100 ரூபாய் என்றால், 1,000 சதுர அடி வீட்டுக்கு ஒரு லட்சம். யாருக்காக இந்தத் திட்டமோ அவர்களுக்கு அது சின்னத் தொகை அல்ல.

கட்டணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சுயசான்று என்றால் என்ன? தாம் கொடுக்கும் விவரமெல்லாம் உண்மை என்று உரிமையாளர் கையெழுத்திடுவது. பின்னால் பிசகு தெரிந்தால் பொறுப்பு அவருடையது. நிலத்தின் வகைப்பாட்டையும், பக்கத்து நீர்நிலையின் எல்லையையும், எப்போதோ போட்ட சாலைக் கோட்டையும் அவருக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியென்று அவரைச் சான்றளிக்கச் சொல்வது முறையாகுமா? அனுமதியை வேகப்படுத்திய அரசு, அந்த அனுமதிக்கு ஆதாரமான தகவலை அதே வேகத்தில் மக்கள் கையில் சேர்க்கவில்லை.

பள்ளிக்கரணையில் நடந்தது இதற்குப் போதுமான சாட்சி. தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கும் இந்தச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையைப் புல எண் வாரியாகத் தரையில் அளந்து, சுற்றுப் பகுதியில் எவ்வளவு தூரத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று வரையறுத்து, எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும் வரை ராம்சர் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி எதுவும் தரக் கூடாது என்றது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் என்று ஜனம் நிறைந்த பகுதிகள் அந்த வட்டத்துக்குள் வந்தன. அடுக்குமாடி கட்டும் நிறுவனமும், பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுக்க நினைத்தவரும் ஒரே உத்தரவில் நின்றுபோனார்கள்.

சதுப்பு நிலம் காப்பாற்றப்பட வேண்டும். 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்த வீடுகளில் முறையான அனுமதி பெற்றவையும் இருந்தன. அனுமதி வெள்ளத்தைத் தடுத்துவிடவில்லை. தீர்ப்பாயத்தின் மீது குறை சொல்ல முகாந்திரம் இல்லை. எல்லைக் கோடு எங்கே என்று தெரியாத நிலையில் அகலமான வட்டமாகப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்கவில்லை. எல்லையை வரைய வேண்டியவர்கள் மூன்று ஆண்டு காலத்தில் வரைந்திருந்தால், சதுப்பு நிலத்துக்கும் அது நல்ல காவலாக இருந்திருக்கும்; அதற்கு வெளியே இருப்பவரும் நிம்மதியாக வீடு கட்டியிருப்பார். இயற்கையைக் காப்பதும் உரிமையாளரின் நலனும் எதிரெதிர்க் கட்சிகள் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கரணையில் இரண்டுக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: நேரத்தில் வெளியான ஒரு தெளிவான வரைபடம்.

தகவல் தெரிந்தே மீறுகிறவர்கள் வேறு வகை. அவர்களிடம் அரசு காட்டும் பொறுமைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும் என்றார்கள். ஒருமுறை தரப்படும் சலுகை என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றது. ஆனால் அந்தக் கெடுநாள் திரும்பத் திரும்ப நகர்ந்தது. அப்படி நகர்த்திய திருத்தங்களை 2006-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு 113-சி வந்தது. கெடுநாள் 2007 ஜூலை 1. ஒவ்வொரு கெடுநாளும், அடுத்தது வரும் என்ற நம்பிக்கையை மீறுகிறவர்களுக்குக் கொடுத்தது. விதிப்படி பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டியவர் தன் பத்தடியை இழந்தார். விடாமல் கட்டியவர் அபராதம் கட்டி அந்தப் பத்தடியை வைத்துக்கொண்டார். 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்து, கடைசியில் முழுதும் இடிக்கப்பட்டது. அனுமதிக்கு மேல் தளங்கள் எழுப்பப்பட்டிருந்த விவரம் அதற்குப் பிறகு பெரிய பேச்சாயிற்று.

மௌலிவாக்கம் இன்னும் கடுமையான பாடம். 2014 ஜூன் 28 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. அடித்தளம் போடும்போதும் தூண் எழும்போதும் அனுமதித்தபடிதான் நடக்கிறதா என்று போய்ப் பார்க்கும் ஏற்பாடுதான் இருக்கவில்லை. சிறிய வீடுகளின் பைல்களிலிருந்து இப்போது அதிகாரிகள் விடுபட்டிருக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் இப்படிப்பட்ட கட்டடங்களின் மேல் செலவாக வேண்டும். ஆனால் 2024-இல் 8 குடியிருப்புகள் வரை, 750 சதுர மீட்டருக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் கட்டடங்களுக்கும் பணி நிறைவுச் சான்று வேண்டாம் என்று தளர்த்தினார்கள். சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுகிறவருக்குத் தளர்வு தருவது சரி. எட்டுக் குடும்பங்களுக்கு விற்பதற்காகக் கட்டப்படும் அடுக்குமாடிக்கு அதே தளர்வு தவறு. அங்கே வாங்குகிறவர் கட்டடம் எழுந்ததைப் பார்த்தவர் அல்ல. அவருக்காகப் போய்ப் பார்க்க வேண்டியவர் அரசு அதிகாரி ஒருவர்தான். 2024 டிசம்பர் 17 அன்று மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களும் இந்தத் திசையில்தான் இருக்கின்றன. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும். பணி நிறைவுச் சான்றுக்குப் பிறகே மின்சாரமும் குடிநீர் இணைப்பும். மீறலுக்குத் துணைபோன அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை.

ஆக, முதலில் செய்ய வேண்டியது பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிலேயே அந்தப் புல எண்ணின் நில வகைப்பாடு, அதைத் தொடும் சாலைக் கோடு, நீர்நிலை அல்லது சிறப்புக் கட்டுப்பாடு ஆகியவை தமிழில், ஒரு பத்தியில் அச்சாக வேண்டும். நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாகவும் புல எண் வாரியாகவும் நிர்ணயித்து வைத்திருக்கிறது பதிவுத் துறை. கோயில் நிலத்தையும் அங்கீகாரமற்ற மனையையும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழ் தடுத்து நிறுத்தவும் அதனால் முடிகிறது. வகைப்பாடு நகர் ஊரமைப்புத் துறையின் தரவு, பிழை வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். பிழையைத் திருத்த ஒரு கால வரம்பு வைக்கலாம். பிழைக்குப் பயந்து தகவலையே தராமல் இருந்தால் முழுச் சுமையும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

இப்படி வெளிப்படையாக அச்சிட்டால் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் வேளாண் வகைப்பாட்டிலும் இருக்கும் நிலங்களின் விலை விழும் என்று அவற்றின் சொந்தக்காரர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. நகரம் முழுவதற்கும் குடிநீர் கிடைக்க அவர்கள் நிலம் கட்டப்படாமல் இருக்க வேண்டும் என்றால், அதன் விலையை அவர்கள் மட்டும் சுமக்கக் கூடாது. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்பவருக்கு வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையைத் தரும் முறை, மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற பெயரில், தமிழ்நாட்டு விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. புழல் நீர்ப்பிடிப்புப் பகுதி உரிமையாளருக்கும் பள்ளிக்கரணையை ஒட்டிய பட்டாதாரருக்கும் அதை விரிவாக்க வேண்டும். இழப்பை மறைத்து வைப்பதால் அது வேறொரு அப்பாவிக்குத்தான் கைமாறுகிறது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாம் திட்டத்தின் வேலை நடக்கிறது. இதற்கிடையே பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசாணை வந்துவிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஊர்கள் பல அந்த எல்லைக்குள் வருகின்றன. அங்கெல்லாம் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து மனை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரைவுத் திட்டம் வெளியாகும்போது அது ஆங்கிலப் பக்கங்களும் படிக்க முடியாத வண்ணக் கோடுகளுமாக இணையதளத்தில் மட்டும் கிடந்தால் போதாது. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் அந்தந்த ஊரின் பக்கம் புல எண்ணோடு தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்லும் அவகாசத்தில் கிராம சபையில் அதை வாசித்துக் காட்ட வேண்டும். திட்டம் இறுதியாகி அரசிதழில் வரும் நாளிலேயே வில்லங்கச் சான்றில் அந்தப் பத்தியும் வரத் தொடங்க வேண்டும்.